கூப்பிடும் முன்னே வெளியே வந்த மணப்பெண்

இபாதான் நகரத்தில் சனிக்கிழமை என்று ஒரு கிழமை இருப்பதே அஜிகே பிழைப்பதற்காகத்தான் என்று தோன்றும். சனிக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு தெருவை மறித்துப் பந்தல் போட்டிருப்பார்கள். பந்தலில் ஒரு பக்கம் பெண் வீட்டார் ஒரே நிறத் துணியில், எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார் வேறொரு நிறத் துணியில், நடுவில் மைக்கும் கையுமாக அஜிகே. நிச்சயதார்த்தத்தை நடத்தி வைக்கிறவளுக்கு அங்கே அலாகா என்று பேர். பாடுவாள், ஆடுவாள், கேலி பேசுவாள், எல்லாவற்றுக்கும் மேலாக மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து பணத்தைக் கறப்பாள். வாசலில் நிற்கக் காசு, வாசலைத் தாண்டக் காசு, வணக்கம் சொன்னால் காசு, சொன்ன வணக்கம் காதில் விழவில்லை என்று அதற்கு ஓர் அபராதம்.

மாப்பிள்ளையையும் அவன் தோழர்களையும் வரிசையாக நிறுத்தி, பெண் வீட்டார் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழ வைப்பாள். கும்பிடு போட்டுத் தப்பிக்க முடியாது. நெஞ்சு தரையில் பட வேண்டும், அவள் எழச் சொல்லும்வரை கிடக்க வேண்டும்.

"என்ன மாப்ளே, சட்டை கசங்குதா? எங்க வீட்டுப் பொண்ணு வேணும், சட்டையும் கசங்கக் கூடாது, அப்படித்தானே? இன்னும் கொஞ்சம் படு. உன் வலது பக்கத்துல கிடக்கானே, அவன் தூங்கிட்டான்னு நினைக்கிறேன். அவனுக்குத் தனி அபராதம்!"

பிறகு பெண்ணை அழைத்து மண்டியிட வைத்து ஒரு பிரசங்கம் செய்வாள். ஊரில் பாதிப் பேர் அதற்காகத்தான் அவளைக் கூப்பிடுவது. "புருஷன் எந்திரிக்கிறதுக்கு முன்னால எந்திரி. அவன் பசியோட வெளிய போனா அது உன் மானம். கோவமா வந்தான்னா வாயால பேசாத, சட்டியால பேசு. அவன் துணியில அழுக்கு இருந்தா ஊர் உன்னைத்தான் பாக்கும்." சொல்லச் சொல்ல மாமியார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அவள் நெற்றியில் நைரா நோட்டுகளை மழையாக ஒட்டுவார்கள். அதே நேரத்தில் அஜிகேயின் வீட்டில் அவள் புருஷன் கொலாபோ, பின்கட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, எவெடு கீரையை அதற்கென்றே வைத்திருக்கும் சின்ன விளக்குமாறால் கடைந்துகொண்டிருப்பார்.

இது யாருக்கும் தெரியாது. அவளுக்கு மைக், அவருக்கு அடுப்பு, தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வீட்டின் மூன்றாவது வேலை.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அஜிகே அமலா கிண்டினாள். கொதிக்கிற தண்ணீரில் கிழங்கு மாவைக் கொட்டி, கட்டையால் கட்டி தட்டாமல் கிண்டுவது, அவ்வளவுதான். அவள் கிண்டியதில் மாவு பாதி, கட்டி பாதி. கொலாபோ ஒரு வாய் வைத்தார். ஒரு கட்டி பல்லில் உடைந்து உள்ளேயிருந்து மாவு பொடியாகப் பறந்தது. கோபப்பட்டிருக்கலாம், அவருக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, கட்டையைக் கையில் வாங்கினார். அன்றைக்கு வாங்கியவர்தான், பிறகு திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் கிண்டிய அமலாவைத் தின்றுவிட்டு அஜிகே தட்டை வழித்தாள். இந்த ஆளை விடக் கூடாது என்று அவள் முடிவு கட்டியது அந்தத் தட்டில்தான், அதற்கு முந்தைய காதலெல்லாம் சும்மா.

கொலாபோவின் அக்காமார் வரும்போதுதான் கூத்து. அவர்களுக்கு இடித்த கிழங்கு போட வேண்டும். கொலாபோ பின்கட்டில் உலக்கையைப் பிடித்து இடிப்பார். அஜிகே முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்க முன்கட்டுக்கு வந்து, "அக்கா, இதோ ஆயிடுச்சு," என்பாள். உள்ளே உலக்கைச் சத்தம் நிற்காமல் கேட்கும். ஒருதடவை மூத்த நாத்தனார் கேட்டுவிட்டாள்.

"நீ இங்க நிக்கிறே. உள்ள யாருடி இடிக்கிறது?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு, அக்கா. பாவம், ஒத்தாசைக்கு வந்திருக்கா."

"நல்ல கை வாகு. அவளை விட்டுடாத."

"விட மாட்டேன், அக்கா."

கொலாபோ அப்போது ஒரு கோக்கோ கிடங்கில் எடை போடுகிறவராக இருந்தார். கிடங்கு மூடிப் போனது. அதற்குப் பிறகு வேலை தேடினார் என்று சொன்னால் பொய்யில்லை, கிடைக்கவில்லை என்றாலும் பொய்யில்லை. வெளியே யாராவது கேட்டால் 'காண்ட்ராக்டர்' என்பார். அந்த ஊரில் வேலையில்லாத ஆண்கள் அத்தனை பேரும் காண்ட்ராக்டர்கள்தான். மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை, கேட்கிறவரும் பெரும்பாலும் காண்ட்ராக்டராகவே இருப்பார்.

புருஷன் சாப்பாட்டுக் காசு கொடுக்காமல் ஒரு வீடு நடந்தால் தெரு சும்மா இருக்குமா? அதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ராத்திரி அஜிகே தலையணைக்கடியில் காசு வைப்பாள். காலையில் கொலாபோ குளித்து, தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, நாலு பேர் காதில் விழும்படி, "இந்தா, இன்னைக்குச் செலவுக்கு," என்று நீட்டுவார். அஜிகே மண்டியிட்டு இரண்டு கையாலும் வாங்கி, அவர் குலப் பெருமையைப் பாட்டாகவே பாடி, "உங்க கை ஓங்கட்டும்," என்று வாழ்த்துவாள். மத்தியானம் அதே காசை எடுத்துக்கொண்டு கொலாபோ வேறொரு சந்தைக்கு, தெரிந்த முகம் இல்லாத சந்தையாகப் பார்த்துப் போவார். வெளியில் அவரை 'நீங்க' என்பாள். கதவைச் சாத்தினால் 'யோவ்'. அவருக்கு இரண்டும் பிடித்திருந்தது.

இவ்வளவு நாடகத்துக்கும் அடியில் இன்னொரு சங்கதி புதைந்து கிடந்தது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நிச்சயம் நடத்தி வைத்த அஜிகேக்கு நிச்சயம் நடக்கவேயில்லை. வயிற்றில் பிள்ளையோடு கொலாபோ வீட்டுக்கு வந்தவள் அவள். அப்பா கோபத்திலேயே போய்ச் சேர்ந்தார். அண்ணன் அயிண்டே, "பரிசத்தைக் கொண்டாந்து போடச் சொல்லு, அப்புறம் பேசுவோம்," என்றான். அப்போது கொலாபோவிடம் காசில்லை. காசு வந்தபோது அது அஜிகேயின் காசாக இருந்தது. பிள்ளை வளர்ந்தது, இருபத்தாறு வருஷம் ஓடியது. அலாகாவிடம் போய் யார் கேட்பார்கள், உனக்குப் பரிசம் போட்டார்களா என்று?

அண்ணன் கேட்டான். மகள் இபிடுனைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிய வாரம், அஜிகே மகிழ்ச்சியாக அண்ணன் கடைக்குப் போனாள். அயிண்டே கூரைத் தகர வியாபாரி. பேசுவதும் தகரத்தில் கல் விழுகிற மாதிரிதான்.

"நல்லது. மாப்பிள்ளை வந்து யார் காலடியில விழுவான்?"

"இது என்னண்ணே கேள்வி? இபிடுனோட அப்பா காலடியிலதான்."

"எந்த அப்பா? நம்ம வீட்டுத் தரையில அந்த ஆளோட நெஞ்சு என்னைக்காவது பட்டிருக்கா? பரிசம்னு ஒரு கிழங்காவது தூக்கிட்டு வந்திருக்கானா? பரிசம் போடாதவனுக்குப் பொண்டாட்டியும் கிடையாது, அவ பெத்த பிள்ளையும் கிடையாது. இபிடுன் நம்ம வீட்டுப் பொண்ணு. அப்பா நாற்காலியில நான் உக்காருறேன். அவன் வேணும்னா கடைசி வரிசையில உக்காந்து சாப்பிட்டுப் போகட்டும்."

"அண்ணே..."

"வழக்கம் உனக்குத் தெரியாததா? நீயே எத்தனை பேரு வாயை அடைச்சிருக்கே!"

அதுதான் கொடுமை. இதே விதியைச் சொல்லி இதே குரலில் பல அப்பன்மாரை அவள் நாற்காலியிலிருந்து கிளப்பியிருக்கிறாள். எதிர்த்துப் பேச ஒரு பொந்துகூட இல்லை என்று அவளை விட நன்றாக யாருக்கும் தெரியாது.

வீட்டில் கொலாபோ பருப்புக் குழம்பைக் கடைந்துகொண்டிருந்தார். அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னாள், கடைசி வரிசை என்பதை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைத்து, விட முடியாமல் அதையும் சொன்னாள். அவர் கை நின்றது. அம்மா மேடை மேடையாகப் போனபோது இபிடுனை முதுகில் கட்டிக்கொண்டு, யாரும் பார்க்காமல் ஜன்னலைச் சாத்தி, அறைக்குள்ளேயே நடந்து தூங்க வைத்தவர் அவர். பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிட்டவரும் அவர்தான், அதற்கும் பக்கத்து வீட்டுப் பெண்தான் பேர் வாங்கினாள்.

"கடைசி வரிசையா?" என்றார்.

"ஏதாவது வழி பண்ணலாம், யோவ். நான் அண்ணன்கிட்ட மறுபடி பேசறேன்."

"பேச வேண்டாம். விழறேன்."

"இந்த வயசுலயா? இந்த வயித்தை வச்சுக்கிட்டா?"

"நெஞ்சுக்கு முன்னால அதுதான் தரையில படும். பட்டுட்டுப் போகட்டும். எம்பொண்ணுக்கு நான் அந்த நாற்காலியில உக்காரணும், அஜிகே."

அன்றைய குழம்பில் உப்பு இரண்டு மடங்கு. இருபத்தாறு வருஷத்தில் அது முதல் தடவை. அஜிகே தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

பரிசத்துக்கு வேண்டியதை வாங்க அவள் பணம் எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை. உள்ளே போய் மாவு டின்னைத் தூக்கி வந்தார். மாவுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் சுருட்டிச் சுருட்டி நோட்டுகள்.

"என்னய்யா இது?"

"சந்தையில மிச்சம் பிடிச்சது. ரொம்ப நாளா சேருது."

அஜிகே வாயைப் பிளந்தாள். ஊரில் எல்லாப் பெண்டாட்டியும் புருஷனுக்குத் தெரியாமல் சிறுவாடு சேர்ப்பாள். பெண்டாட்டிக்குத் தெரியாமல் சிறுவாடு சேர்த்த புருஷனை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"அப்ப தக்காளி விலை ஏறிடுச்சு, எண்ணெய் விலை ஏறிடுச்சுன்னு தினமும் புலம்பினதெல்லாம்?"

"கொஞ்சம் ஏறத்தான் செஞ்சுது."

"இது எங்காசுதானே, திருடா?"

"சம்பாதிச்சது நீ. மிச்சம் பிடிச்சது நான். உன் காசையே குடுத்து உன்னை வாங்கினான்னு யாரும் சொல்லக் கூடாது பாரு. மிச்சம் பிடிக்கிறதும் ஒரு வேலைதான். ஒரு சந்தை பூரா அலைஞ்சு பேரம் பேசிப் பாரு, தெரியும்."

அவள் திட்ட வாயெடுத்தாள், திட்டு வரவில்லை. அழுகை வந்தது. அதை மறைக்க மறுபடி திட்டினாள்.

அண்ணன் வீட்டு முற்றத்தில், சத்தமில்லாமல், நாலு பேரை வைத்து முடித்துவிடலாம் என்பது அவள் திட்டம். அயிண்டே சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பெண் வீட்டு அலாகாவாகச் சிக்கிராவை ஏற்பாடு செய்துவிட்டான். சிக்கிரா அஜிகேக்குத் தொழில் போட்டி. ஒரே தெருவில் இருவருக்கும் சனிக்கிழமை வந்தால் இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளும். இந்த வாய்ப்பை அவள் விடுவாளா? பணம் வாங்காமலே வருகிறேன் என்றாள். அதுவும் போதாதென்று வெங்காயத்தோல் நிறத்தில் பெண் வீட்டுத் துணி எடுத்து ஊருக்கே விற்று, "அஜிகேக்கு நிச்சயமாம், அஜிகேக்கு!" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். நாலு பேருக்கு நானூறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அஜிகே கணக்குப் போட்டாள். பரிசம் போடாத விஷயம் வெளியே வந்தாயிற்று, போகட்டும், சிரித்துச் சமாளிக்கலாம். இன்னொன்று வரக் கூடாது. சமைக்கத் தெரியாதவள், துணி துவைக்காதவள், புருஷனை அடுப்படியில் நிறுத்தியவள் என்று தெரிந்தால் நாளைக்கு எந்த வீட்டுப் பெண்ணுக்கு அவள் புத்தி சொல்ல முடியும்? மைக்கைப் பிடித்தாலே சிரிப்பார்கள். கொலாபோவை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள்.

"சிக்கிரா என்ன வேலைன்னு கேப்பா. என்ன சொல்லணும்?"

"காண்ட்ராக்டர்."

"சத்தமா."

"காண்ட்ராக்டர்! என்ன காண்ட்ராக்ட்டுன்னு கேட்டா?"

"யாரும் கேக்க மாட்டாங்கய்யா. கேட்டா சிரிச்சு வை."

"அடுப்பு காண்ட்ராக்ட்டுன்னு சொல்லட்டா?"

"கொன்னுடுவேன்."

அந்த நாள் வந்தது. அஜிகேயை உள் அறையில் உட்கார வைத்து, முகத்தை மூடி முக்காடு போட்டார்கள். போட்டுவிட்டது இபிடுன். மகள் நிச்சயத்துக்கு அம்மா அலங்காரம் செய்வதுதான் உலகம், இங்கே மகள் அம்மாவின் முக்காட்டைச் சரி செய்துகொண்டே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிடும்வரை பெண் வெளியே வரக் கூடாது. வந்தால் அலைகிறாள் என்பார்கள். இதையும் ஊருக்கெல்லாம் சொன்னவள் அஜிகேதான்.

ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. கொலாபோ தன் வயசுச் சிநேகிதர்களோடு வந்தார். வாசலிலேயே சிக்கிரா மறித்தாள்.

"யாரு இது? மாப்பிள்ளைன்னு சொன்னாங்க, மாப்பிள்ளையோட தாத்தா வந்திருக்காரு! ஐயா, பையன் எங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. காசு கேட்டாள், கொடுத்தார். பாடச் சொன்னாள், பாடினார். பிறகு விழச் சொன்னாள். சிமெண்டு முற்றத்தில் வெயில் பந்தலையும் தாண்டிக் கொதித்தது. கிழவர்கள் ஒவ்வொருவராக முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, 'அம்மா' என்றும் 'அல்லா' என்றும் முனகிப் படுத்தார்கள். கொலாபோ நடுவில் வெள்ளை அக்படா அங்கி விரிய நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார்.

அயிண்டே நாற்காலியில் சாய்ந்துகொண்டான். இருபத்தாறு வருஷம் காத்திருந்த காட்சி, சீக்கிரம் முடிக்க அவனுக்கு மனசில்லை.

"மாப்பிள்ளை என்ன தொழில் பண்றாரு?" என்று ராகமாக இழுத்தாள் சிக்கிரா.

"காண்ட்ராக்டர்," என்றார் கொலாபோ, தரையைப் பார்த்தபடி.

"என்ன காண்ட்ராக்ட்?" அயிண்டேயே கேட்டுவிட்டான். "ரோடா? பாலமா?"

"சின்னச் சின்ன வேலைங்க..."

"நான் தகரம் விக்கிறவன். இந்த ஊர் காண்ட்ராக்டர் அத்தனை பேரும் எங்கடைக்கு வந்தாகணும். உன்னை ஒருநாள் பாத்ததில்லையே! ஒரே ஒரு கட்டடம் சொல்லு, ஒரு கோழிக்கூடாவது சொல்லு. அது வரைக்கும் கிட."

சிரிப்பு. அஜிகேக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். எத்தனை பந்தலில் அதை அவளே கிளப்பிவிட்டிருக்கிறாள்! ஒருதடவைகூட அதை ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டதில்லை. இங்கிருந்து கேட்கும்போது அது அசிங்கமாக இருந்தது.  உண்மையைச் சொன்னால் கொலாபோ ஒரு நொடியில் எழுந்துவிடலாம், இந்த அவமானம் அதோடு முடிந்துவிடும். சொல்லாமல் கிடக்கிறார். தன் மானத்துக்காக இல்லை, அவளுடைய சனிக்கிழமைகளுக்காக. அது புரிந்ததும் அவள் எழுந்தாள்.

"அம்மா, எங்க போறே? இன்னும் கூப்பிடல!" என்று இபிடுன் முக்காட்டைப் பிடித்தாள். முக்காடு மகள் கையோடு நின்றுவிட்டது, அம்மா வெளியே போய்விட்டாள்.

கூப்பிடும் முன்னே, முக்காடும் இல்லாமல் வந்து நின்ற மணப்பெண்ணை நானூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சிக்கிரா, மைக்கைக் குடு."

"அக்கா, நீங்க இன்னைக்குப் பொண்ணு. பொண்ணு பேசக் கூடாது..."

"குடுடி!"

மைக்கை வாங்கிவிட்டாள். கையில் மைக் வந்தால் பாட்டு தானாக வரும், அன்றைக்கு வரவில்லை.

"அவரு காண்ட்ராக்டர் இல்ல. அப்படிச் சொல்லச் சொல்லி மிரட்டினவ நான். இந்த மனுஷன் சமைக்கிறாரு. எங்க வீட்டுல துவைக்கிறது, பெருக்குறது, என் பிள்ளையை முதுகுல கட்டி வளர்த்தது எல்லாம் இவருதான். நான் கிண்டின அமலாவை நாய் மோந்து பாத்துட்டுப் போயிடும். என் தலையில இருக்கே இந்தக் கட்டு, இதை இன்னைக்குக் காலையில மடிச்சுக் கட்டினதும் இவரு. உங்க பொண்ணுங்களை மண்டி போட வச்சு நான் புத்தி சொன்னேனே, அழுது அழுது காசு ஒட்டினீங்களே! நல்ல பொண்டாட்டி எப்படி இருப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். முன்னால எந்திரிக்கிறது, பசியோட அனுப்பாம இருக்கிறது, கோவம் வந்தா சட்டியால பேசுறது, எல்லாம் இவரைப் பாத்து நான் திருடினது!"

யாரோ ஒரு கிழவி 'ஆ' என்றாள்.  அயிண்டேயின் முகம் இறுகியது.

"இதைச் சொல்ல உனக்கு வெக்கமாயில்ல? பொம்பளை வேலை பாக்குற ஆம்பளையை எந்திரின்னு நான் சொல்ல மாட்டேன். என் வாய் கூசுது. கிடக்கட்டும்."

"சரிண்ணே," என்றாள் அஜிகே. "அவரு பொம்பளை வேலை பாக்குறாரு, ஆம்பளை வேலையை நான் பாக்குறேன். அந்தக் கணக்குல பாத்தா விழ வேண்டியவரு அவரில்ல, நான்தான்."

பெண்கள் மண்டியிடுவார்கள், குப்புற விழமாட்டார்கள். அந்த ஊரில் எந்தப் பெண்ணும் விழுந்து யாரும் பார்த்ததில்லை. அஜிகே பட்டுத் துணியும் பவளமும் தலைக்கட்டுமாக, அந்தப் பெரிய உடம்பைச் சிமெண்டுத் தரையில் இறக்கி, புருஷன் பக்கத்தில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்தாள். நெஞ்சு தரையில் பட்டது. அவள் சொல்லிக்கொடுத்த முறைப்படியே, ஒரு குறையில்லாமல்.

கொலாபோ மெதுவாகத் தலையைத் திருப்பினார். அவள் காதோடு ரகசியமாகத்தான் சொன்னார்.

"அஜிகே, எந்திரி. பட்டுல கறை பட்டா லேசுல போகாது. நான்தானே துவைக்கணும்?"

மைக் அவள் கையில் இருந்தது. அணைக்கவில்லை. 'நான்தானே துவைக்கணும்' என்பது நான்கு ஒலிபெருக்கிகளிலும் முழங்கி, அடுத்த தெரு வரை போனது.

முதலில் சிரித்தது அஜிகே. தரையில் கிடந்தபடியே அவள் முதுகு குலுங்கியது. பக்கத்தில் கிடந்த கிழவர்கள் குலுங்கினார்கள். பிறகு பந்தல் முழுக்கச் சிரித்தது. அது கொஞ்ச நேரம் முன்னால் கேட்ட சிரிப்பு இல்லை, பெண்கள் கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள், சில ஆண்கள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சில பேரின் பெண்டாட்டிகள் அவர்களை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். எத்தனை வீட்டில் பின்கட்டுக் கதவு தாழ் போட்டிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

அயிண்டே மட்டும் சிரிக்கவில்லை. அவன் பெண்டாட்டி எழுந்து வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவன் முன்னால் நின்றாள்.

"அவங்களை எந்திரிக்கச் சொல்றீங்களா, இல்ல நானும் போய் விழுந்துடட்டுமா? நான் விழுந்தா ராத்திரி வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். உங்களுக்கு யாரு சமைக்கிறதுன்னு பாத்துக்கங்க. கொலாபோவைத்தான் கேக்கணும்."

அயிண்டே எழுந்தான். தங்கையின் தலையையும் அந்த ஆளின் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தான். இருபத்தாறு வருஷக் கோபத்தை நானூறு பேர் சிரிப்பில் தூக்கி நிறுத்த அவனாலும் முடியவில்லை. இரண்டு கையையும் இரண்டு தலையில் வைத்து, யாருக்கும் கேட்காதபடி ஒரு ஆசியை முணுமுணுத்து, "எந்திரிங்க," என்றான். பரிசப் பணத்தை வாங்கி, நாங்கள் பெண்ணை விற்கவில்லை என்று வழக்கப்படி திருப்பிக் கொடுத்தான். கொலாபோ அதை அங்கேயே எண்ணிப் பார்த்தார், சந்தைப் பழக்கம். அஜிகேக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. கொலாபோ தூக்கிவிட்டு, எல்லார் முன்னாலும் அவள் துணியைத் தட்டிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமைகளுக்குப் பேசி வைத்திருந்த இரண்டு வீடுகள் அஜிகே வேண்டாம் என்று சொல்லிவிட்டன. இன்னும் சில வீடுகள் அந்தச் சமையல்காரப் புருஷனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிக் கூப்பிட்டன. கொலாபோ போகவில்லை, தன் கைக்காரியம் காட்சிப் பொருள் இல்லை என்றார். ஆனால் அன்றிலிருந்து பின்கட்டுக் கதவைத் தாழ் போடுவதை விட்டுவிட்டார்.

இபிடுனின் நிச்சயத்தன்று அப்பா நாற்காலியில் கொலாபோ உட்கார்ந்தார். மகளுக்கு அம்மா அலாகாவாக இருக்க முடியாது, அதனால் மைக் சிக்கிராவிடம். மாப்பிள்ளையும் தோழர்களும் விறைப்பான புதுச் சட்டையில் வந்து, வரிசையாக அவர் காலடியில் விழுந்தார்கள். சிக்கிரா தொண்டையைச் செருமிக்கொண்டாள். இனிமேல்தான் அவள் வருமானம், ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் அபராதம்.

கொலாபோ குனிந்து பையனின் தோளைத் தொட்டார்.

"எந்திரி தம்பி. தரை சுடுது."

"பாபா, இருங்க!" என்று அலறினாள் சிக்கிரா. "நான் ஒரு பாட்டுகூட ஆரம்பிக்கல!"

"ஆரம்பிம்மா. அவன் நின்னுக்கிட்டே கேப்பான்."

எழுந்த பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, இவ்வளவு லேசாக விடுவார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அபராதம் அத்தனையும் போயிற்றே என்று பக்கத்தில் அஜிகேயின் தொழில் புத்தி பதறியது. பதறிக்கொண்டே அவள் புருஷனின் கையை, ஊர் பார்க்கப் பிடித்துக்கொண்டாள்.